தாத்தாவின் போலீஸ் வேலை: நடுவில் மூன்றரை வருஷம் எங்கே போச்சு?

வடக்குத்தெரு · மார்ச் 4

எல்லாருக்கும் வணக்கம். இது வரைக்கும் படிச்சிட்டு மட்டும் போய்க்கிட்டிருந்தேன். இப்ப ஒரு உதவி வேணும்.

அப்பாவைப் பெத்த தாத்தா போலீஸ்ல இருந்தவர். தென்மாவட்டம் ஒண்ணு, பேர் வேண்டாம். எங்க வீட்டுக்கு ஊர்ல இன்னைக்கும் "இன்ஸ்பெக்டர் வீடு"ன்னுதான் பேர். நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அப்பாவும் போய் ஆறு வருஷம் ஆச்சு. பரணைச் சுத்தம் பண்ணப்ப ஒரு தகரப்பெட்டியில இவ்வளவு கிடைச்சுது:

ஒரு போட்டோ. அரைக்கால் நிஜார், கால்ல சுத்தின பட்டி, தலைப்பாகை. பின்னாடி "1938"னு எழுதியிருக்கு. ஒரு பித்தளை பெல்ட் பக்கிள், அதுல 417. பக்கிள் போட்டோலயும் தெரியுது, எண்ணை மட்டும் படிக்க முடியல. அப்புறம் பாட்டி வெச்சிருந்த பென்ஷன் புத்தகம்.

புத்தகத்தைப் பார்த்ததும்தான் குழப்பமே வந்துச்சு. 1934 ஜூன்ல சேர்ந்து 1967 ஜூன்ல ரிட்டயர்டு. முழுசா 33 வருஷம் வரணும். பென்ஷனுக்குத் தகுதியான சர்வீஸ்னு போட்டிருக்கிறது 29 வருஷம் 5 மாசம். மீதி 3 வருஷம் 7 மாசம் எங்கே?

வீட்ல சொல்ற கதை, 1942 ஆகஸ்ட் போராட்டத்துல ஜனங்களை அடிக்க மாட்டேன்னு தொப்பியைக் கழட்டி வெச்சிட்டு வந்துட்டார், காங்கிரஸ் மந்திரிசபை வந்ததும் கூப்பிட்டு வேலை குடுத்தாங்கன்னு. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல நானே இதைப் பேச்சுப்போட்டியில பேசி பரிசு வாங்கியிருக்கேன். இதுக்கு ஆவணம் ஏதாவது கிடைக்குமா? எங்க ஆரம்பிக்கணும்?

ரிட்டையர்டு_ரைட்டர் · மார்ச் 4

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. பக்கிள்ல நம்பர் இருந்தாலே இன்ஸ்பெக்டர் இல்லை. நம்பர் எல்லாம் பி.சி.க்கும் (சாதா கான்ஸ்டபிள்) ஏட்டுக்கும்தான். எஸ்.ஐ. ஆனா நம்பர் போயிடும், பேர்தான். பென்ஷன் புத்தகத்துல பதவின்னு ஒரு கட்டம் இருக்கும், பாருங்க.

ஊர்ல காக்கி போட்ட எல்லாருமே இன்ஸ்பெக்டர்தான். என் சம்சாரம் ஊர்ல நான் டி.எஸ்.பி.

வடக்குத்தெரு · மார்ச் 4

பார்த்தேன் ஐயா. "ஹெட் கான்ஸ்டபிள்"னு இருக்கு. இத்தனை வருஷம் அந்தக் கட்டத்தை யாருமே படிக்கல போல.

ரிட்டையர்டு_ரைட்டர் · மார்ச் 5

ஏட்டுன்னா லேசுப்பட்ட வேலை இல்லை. அந்தக் காலத்துல சின்ன ஸ்டேஷன்னா ஏட்டையாதான் ராஜா.

சர்வீஸ் குறைஞ்சிருக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்ச வழிகள்: சம்பளமில்லாத லீவு, சஸ்பென்ஷன் காலத்தை எதுக்கும் சேர்க்காம விட்டது, சொல்லாம கொள்ளாம 21 நாளைக்கு மேல வராம இருந்து டெசர்ஷன் போட்டது, டிஸ்மிஸ் ஆகி அப்பீல்ல திரும்பி வந்தது. பட்டாளத்துக்குப் போயிருந்தாலும் ஆள் இல்லாம இருப்பாங்க, ஆனா யுத்த சேவையைப் பெரும்பாலும் சேர்த்துக்குவாங்க. ராஜினாமா பண்ணினவரைக் கூப்பிட்டு வேலை குடுத்தாங்கன்னா பழைய சர்வீஸே கணக்குல வராது. இங்க 1934ல இருந்து கணக்கு ஓடுது, நடுவுல மட்டும் ஓட்டை. எனக்கு என்னமோ டிஸ்மிஸ் ஆகி அப்பீல்ல திரும்பி வந்த வழின்னுதான் தோணுது. நான் 31 வருஷம் ஸ்டேஷன்ல எழுதினவன். இந்தக் கணக்கு பழக்கமான கணக்கு.

சட்டப்புள்ளி · மார்ச் 5

மாவட்ட எஸ்.பி. ஆபீஸுக்கு ஆர்.டி.ஐ. போடுங்க. மனு கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்பா ஒட்டலாம். 30 நாள்ல பதில் வரணும். "தனிநபர் தகவல்"னு 8(1)(ஜே) பிரிவைக் காட்டித் தட்டிவிடப் பார்ப்பாங்க. அப்ப 8(3)ஐ எடுத்துக்காட்டுங்க. மனு போடற தேதிக்கு 20 வருஷத்துக்கு முன்னாடி நடந்த விஷயத்தைப் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் காகிதம் மாதிரி மூணு விலக்கு தவிர வேற எதைச் சொல்லியும் மறுக்க முடியாது. 1942 நடந்து 80 வருஷம் தாண்டியாச்சு.

கேட்கும்போது "என் தாத்தாவைப் பற்றிய எல்லா விவரமும்"னு கேட்காதீங்க. சர்வீஸ் புத்தகம், தண்டனைப் பதிவேடு, 1942 முதல் 1946 வரைக்குமான டி.ஓ. புத்தகத்துல (மாவட்ட உத்தரவுப் புத்தகம்) அவர் பேர் வர்ற பக்கங்கள்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க. அழிச்சிட்டாங்கன்னா அழிச்ச உத்தரவோட நகலையும் சேர்த்துக் கேளுங்க.

எழும்பூர்வாசி · மார்ச் 5

ஆர்.டி.ஐ. போடறது தப்பில்லை, ஆனா ரொம்ப நம்பாதீங்க. மாவட்ட அலுவலகக் காகிதத்துக்கெல்லாம் ஆயுள் குறைவு. ஃபைல் முடியும்போதே எழுத்துப் போட்டு முடிப்பாங்க. எல்.டிஸ்.னா ஒரு வருஷம், கே.டிஸ்.னா மூணு, டி.டிஸ்.னா பத்து. அப்புறம் தீ. கான்ஸ்டபிளோட சர்வீஸ் புத்தகத்தை எண்பது வருஷம் யாரும் கட்டிக்காக்க மாட்டாங்க.

நான் சொல்ற இடம் எழும்பூர் காந்தி இர்வின் சாலையில இருக்கிற தமிழ்நாடு ஆவணக்காப்பகம். பழைய பேர் மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ், 1909ல கட்டின செங்கல் கட்டடம். அங்க மாவட்டக் காகிதம் முக்கியமில்லை, கோட்டையிலிருந்து வந்த அரசாணைகள்தான் முக்கியம். சிக்கலும் அங்கதான். கான்ஸ்டபிள் ஒருத்தர் ஒழுங்கா வேலை பார்த்து, பாரா நின்னு, பீட் போய், ரிட்டயர்டு ஆனார்னா அவர் பேர் கோட்டைக்குப் போகவே போகாது. பதக்கம் வாங்கினா போகும். கடமையில செத்தா, குடும்பத்துக்கு விசேஷ பென்ஷன் கேட்டுப் போகும். இல்லைன்னா தப்புல மாட்டி டிஸ்மிஸ் ஆகி, டி.ஐ.ஜி., ஐ.ஜி. எல்லாம் கைவிரிச்சு, கடைசியா கவர்னருக்கு மெமோரியல், அதாவது முறையீட்டு மனு, போட்டா போகும்.

அதனால ரைட்டர் ஐயா சொல்றது உண்மைன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். நல்ல தாத்தாவா இருந்திருந்தா கண்டுபிடிக்கவே முடியாது.

சும்மா_வந்தவன் · மார்ச் 6

இதெல்லாம் தேவையா பாஸ்? வீட்ல நல்ல கதை ஒண்ணு இருக்கு, பரிசும் வாங்கியாச்சு. தோண்டி என்ன பண்ணப் போறீங்க?

வடக்குத்தெரு · மார்ச் 6

அந்தப் பரிசுதான் உறுத்துது.

நாஞ்சிலான் · மார்ச் 8

நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். கன்னியாகுமரி ஜில்லாக்காரங்க யாராவது இதைப் படிச்சா அவங்களுக்காக: எங்க பக்கம் 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி. அதுக்கு முன்னாடி சேர்ந்த போலீஸ்காரர் காகிதத்தை எழும்பூர்ல தேடினா கிடைக்காது. திருவனந்தபுரத்துல கேரள ஆவணக்காப்பகத்துக்குத்தான் போகணும். இன்னொண்ணு, தேதியெல்லாம் கொல்லம் ஆண்டுல இருக்கும். எங்க பெரியப்பா சர்வீஸ் புத்தகத்துல பிறந்த வருஷம் 1089னு பார்த்துட்டு என் மகன் "ராஜராஜ சோழன் காலமா"ன்னு கேட்டான். 1089னா 1913 ஆகஸ்ட்ல இருந்து 1914 ஆகஸ்ட் வரை. சிங்க மாசத்துல வருஷம் மாறும், அதனால 824 கூட்டணுமா 825 கூட்டணுமான்னு மாசத்தைப் பார்த்துட்டுக் கூட்டுங்க. இதுல ஒரு வருஷம் தப்பினதால எங்க வீட்ல ஒரு சஷ்டியப்தபூர்த்தி ஒரு வருஷம் முன்னாடியே நடந்துபோச்சு.

தாமிரபரணித்தண்ணி · மார்ச் 9

என் கொள்ளுத்தாத்தா டி.எஸ்.பி.யா இருந்தாராம், 1920கள்ல. ராவ் சாகிப் பட்டம் உண்டுன்னு சொல்வாங்க. அவருக்கும் இதே வழிதானா?

எழும்பூர்வாசி · மார்ச் 9

உங்களுக்கு ரொம்ப சுலபம். டி.எஸ்.பி. கெசட்டட் பதவி. 1902-03 ஃபிரேசர் கமிஷனுக்குப் பிறகு இந்தியர்களுக்காகவே உண்டாக்கின பதவி அது. செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்ல மாறுதல், லீவு, பதவி உயர்வு எல்லாம் வரும். சிவில் லிஸ்ட்ல (அரசு அதிகாரிகள் பட்டியல்) வருஷாவருஷம் எந்த ஊர்னு இருக்கும். கெசட்டட் அதிகாரிகளோட பணி வரலாறுன்னு தனித் தொகுதிகளே அச்சடிச்சாங்க, லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்ல வரிசையா இருக்கு. ராவ் சாகிப் பட்டம்னா புத்தாண்டு இல்லைன்னா ராஜா பிறந்தநாள் கௌரவப் பட்டியல்ல தேடுங்க. கிங்ஸ் போலீஸ் மெடல் 1909ல ஆரம்பிச்சது, இந்தியன் போலீஸ் மெடல் 1932ல. அதுவும் கெசட்லதான்.

டி.எஸ்.பி. தும்மினாலும் கெசட்ல வரும். கான்ஸ்டபிள் செத்தா டி.ஓ. புத்தகத்துல ஒரு வரி.

வடக்குத்தெரு · ஏப்ரல் 17

ஆர்.டி.ஐ. பதில் வந்துடுச்சு. ஒரே பாரா: "மனுதாரர் கோரும் ஆவணங்கள் இவ்வலுவலகத்தில் இல்லை." அழிச்ச உத்தரவு நகல் கேட்டதுக்கு "அதுவும் இல்லை." முதல் மேல்முறையீடு போடலாம்னு சட்டப்புள்ளி சார் தனிமடல்ல சொன்னார். போடறேன். ஆனா எழும்பூருக்கும் போகப் போறேன். எப்படித் தேடணும்னு கொஞ்சம் விளக்கமா சொல்ல முடியுமா?

எழும்பூர்வாசி · ஏப்ரல் 17

சொல்றேன். நீளமா இருக்கும்.

முதல்ல அனுமதி. விண்ணப்பத்துல "குடும்ப வரலாறு"ன்னு பொதுவா எழுதாதீங்க. துறை, வருஷம், விஷயம் மூணையும் எழுதுங்க: ஹோம் துறை, 1942–1947, காவலர் மேல்முறையீடுகள். அடையாள அட்டை எடுத்துட்டுப் போங்க. மொபைல்ல படம் எடுக்கலாமான்னு முதல்லயே கேட்டுக்குங்க, இல்லைன்னா நகலுக்கு எழுதிக் குடுங்க.

போனதும் ஃபைல் கேட்காதீங்க, அட்டவணை கேளுங்க. ஒவ்வொரு துறைக்கும் வருஷத்துக்கு ஒரு அச்சடிச்ச அட்டவணை உண்டு. உங்க காலத்துக்கு ஹோம். இதுவே 1900 பக்கம்னா போலீஸ் விஷயமெல்லாம் ஜுடீஷியல் துறையில கிடக்கும், அதைத் தெரியாம ஹோம்ல தேடி ஒரு வாரம் வீணாக்கினவன் நான். அட்டவணையில "போலீஸ்"ங்கிற தலைப்பை மட்டும் பார்த்துட்டு எழுந்திடாதீங்க. "பெட்டிஷன்", "மெமோரியல்", "அப்பீல்", "டிஸ்மிஸல்" எல்லாத்தையும் பாருங்க. ஒரே ஆணை மூணு இடத்துல இருக்கலாம், ஒரே ஒரு இடத்துலயும் இருக்கலாம்.

பேரை நம்பாதீங்க. தமிழ்ப் பேரை இங்கிலீஷ்ல எழுதின குமாஸ்தா அன்னைக்கு என்ன மனநிலையில இருந்தாரோ. சுப்பையாவுக்கு ஒரு 'பி'யா ரெண்டு 'பி'யா, முத்துவுக்கு 'யு'வா ரெண்டு 'ஓ'வா, சாதிப் பட்டம் முன்னாடியா பின்னாடியா. அதைவிட நல்ல வழி, பேரை விட்டுட்டு மாவட்டம், "முன்னாள் கான்ஸ்டபிள்", எண், இந்த மூணோட போங்க. 417 உங்க கையில இருக்கே.

ஆணை எண் கிடைச்சா அது எந்த வரிசை, எம்.எஸ்.ஸா, ஆர்.டி.யா, மிஸ்.ஸா, தேதி என்ன, எல்லாத்தையும் அப்படியே குறிச்சுக்குங்க. ஒரே எண் ரெண்டு வரிசையில வரும்.

கடைசியா, சம்பவம் நடந்த வருஷத்துல தேடாதீங்க. டிஸ்மிஸ் ஆனது 1942ன்னா கோட்டைக்கு மனு போக ரெண்டு மூணு வருஷம் ஆகும். 1946ல இருந்து பின்னாடி வாங்க.

பொழுது மீந்தா பக்கத்துலயே பாந்தியன் சாலையில பழைய கமிஷனர் ஆபீஸ்ல போலீஸ் அருங்காட்சியகம் இருக்கு, 2021ல திறந்தது. பக்கிளையும் தலைப்பாகையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உசிலைக்காரன் · ஏப்ரல் 18

இந்த இழையை ஆரம்பத்துல இருந்து படிச்சிக்கிட்டு வர்றேன். என் தாத்தா பேரும் போலீஸ் ரெக்கார்டுல இருக்கு. உங்க தாத்தாவைத் தேடறதுக்கு நீங்க இவ்வளவு பாடுபடறீங்க, எங்க தாத்தாவைத் தேடவே வேண்டியதில்லை. உயரம், மச்சம், பத்து விரல் ரேகை, பொண்டாட்டி பேர், எந்தெந்த ஊர்ல சொந்தக்காரங்க, எல்லாம் எழுதி வெச்சிருக்காங்க.

குற்றப்பரம்பரைச் சட்டம் தெரியுமில்ல, 1911 சட்டம். எங்க ஆளுங்க ராத்திரி ஸ்டேஷன்ல போய்ப் படுக்கணும், வெளியூர் போகணும்னா ராதாரிச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மாட்டோம்னு நின்னதுக்குத்தான் 1920 ஏப்ரல் 3ந்தேதி பெருங்காமநல்லூர்ல சுட்டாங்க. மெட்ராஸ் மாகாணத்துல அந்தச் சட்டம் 1947லதான் போச்சு.

நல்ல தாத்தாவா இருந்தா கண்டுபிடிக்க முடியாதுன்னு எழும்பூர்வாசி எழுதினதைப் படிச்சப்ப சிரிப்பு வந்துடுச்சு. எங்க தாத்தா எந்தத் தப்பும் பண்ணல. பிறந்தார், அவ்வளவுதான்.

ரிட்டையர்டு_ரைட்டர் · ஏப்ரல் 18

தம்பி, எல்லாத்தையும் போலீஸ் தலையில கட்டாதீங்க. சட்டம் போட்டவன் ஒருத்தன், மேல கையெழுத்துப் போட்டவன் ஒருத்தன். ராத்திரி ஆள் எண்ணிக்கை எடுத்தவனும் தூங்காம முழிச்சிருந்தவன்தான்.

உசிலைக்காரன் · ஏப்ரல் 18

ஐயா, நான் யாரையும் திட்டல. எண்ணினவரும் தூங்கல, எண்ணப்பட்டவரும் தூங்கல. மறுநாள் காலையில சம்பளம் ஒருத்தருக்குத்தான்.

ரிட்டையர்டு_ரைட்டர் · ஏப்ரல் 19

அது சரிதான்.

எழும்பூர்வாசி · ஏப்ரல் 19

உசிலைக்காரன், நான் எழுதினது கோட்டை அரசாணைகளைப் பற்றி. ஆனா நீங்க சொன்னதை நான் யோசிக்கல, ஒத்துக்கிறேன். அரசாங்கம் யாரைப் பார்த்துப் பயந்துச்சோ அவங்களைத்தான் நுணுக்கமா எழுதி வெச்சுது. தன் ஆளுங்களைப் பற்றி ஒரு வரி.

வடக்குத்தெரு · ஜூன் 11

கிடைச்சிடுச்சு.

நாலு நாள் உட்கார்ந்தேன். 417னு எங்கேயும் இல்லை. 1946 அட்டவணையில "பெட்டிஷன்" தலைப்புக்குக் கீழ, எங்க மாவட்டப் பேரோட, "முன்னாள் போலீஸ் கான்ஸ்டபிள் 283"னு ஒரு வரி. பேரைப் பார்த்தா தாத்தா பேர் மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. நடுவுல ஒரு எழுத்தைக் காணோம். வேற யாரோன்னு ரெண்டு தடவை தள்ளிட்டேன். மூணாவது நாள் சாயங்காலம் வேற எதுவும் இல்லாம அதையே எழுதிக் குடுத்தேன்.

மறுநாள் கட்டு வந்துச்சு. ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி. தொட்டாலே தூள். பதினாறு தாள். மேல டைப் அடிச்ச ஆணை, நடுவுல அலுவலகக் குறிப்பு, கடைசியில தாத்தாவோட மெமோரியல்.

விஷயம் இதுதான். 1942 நவம்பர். சப்-ஜெயில்ல இருந்து இன்னொரு ஊர் கோர்ட்டுக்கு ஒரு திருட்டுக் கேஸ் கைதியை ரயில்ல கொண்டு போறாங்க. வழிக்காவலுக்கு ரெண்டு கான்ஸ்டபிள். தாத்தா ஜூனியர். ராத்திரி வண்டியில கைதி வயிறு சரியில்லைன்னு சொல்லியிருக்கார். சீனியர் அவிழ்த்து விடுன்னு சொன்னதா தாத்தா எழுதறார், நான் சொல்லவே இல்லைன்னு சீனியர் வாக்குமூலம். சாவி தாத்தா பையில. ஒரு கை விலங்கைக் கழட்டிக் கக்கூஸுக்குள்ள விட்டு, வெளியே நின்னிருக்கார். வண்டி ஒரு வளைவுல மெதுவாப் போனப்ப ஜன்னல் கட்டை உடையற சத்தம். அவ்வளவுதான்.

இந்தியத் தண்டனைச் சட்டம் 223ஆவது பிரிவுல, கவனக்குறைவால கைதியைத் தப்பவிட்டதா கேஸ் போட்டு, மாஜிஸ்ட்ரேட் விடுதலை பண்ணியிருக்கார். ஆனாலும் துறை விசாரணையில டிஸ்மிஸ். சீனியருக்கு இன்கிரிமென்ட் வெட்டு மட்டும். சாவி யார் பையில இருந்துச்சோ அவர் போனார்.

தாத்தா டி.ஐ.ஜி.க்குப் போட்டார், இல்லைன்னுட்டாங்க. ஐ.ஜி.க்குப் போட்டார், இல்லை. மெமோரியல் 1945 கடைசியில. 1946 நடுவுல ஆணை: திரும்ப எடுத்துக்கலாம், இடைப்பட்ட காலம் சம்பளத்துக்கோ பென்ஷனுக்கோ இன்கிரிமென்டுக்கோ சேராது. காங்கிரஸ் மந்திரிசபை அந்த ஏப்ரல்லதான் வந்துச்சு, அது மட்டும் வீட்டுக் கதையோட ஒத்துப் போகுது. ஆனா ஃபைல்ல தேசபக்தின்னு ஒரு வார்த்தை கிடையாது. கோர்ட் விடுதலை பண்ணினதையும் ரெண்டு பேருக்கும் தண்டனையில இருக்கிற வித்தியாசத்தையும் பார்த்துத்தான் முடிவு பண்ணியிருக்காங்க.

மெமோரியலை ஏதோ ஒரு பெட்டிஷன் ரைட்டர் இங்கிலீஷ்ல அலங்காரமா எழுதியிருக்கார், "தங்கள் பாதத்தில் விழுந்து"ங்கிற தினுசுல ஒன்பது பாரா. கீழ தாத்தா தமிழ்ல கையெழுத்துப் போட்டிருக்கார். பழைய தும்பிக்கை 'லை'யோட. அவர் கையெழுத்தை நான் பார்க்கிறது இதுதான் முதல் தடவை. கடைசி எழுத்துல மை தீர்ந்து, மறுபடி தொட்டு எழுதியிருக்கிறது தெரியுது.

சட்டப்புள்ளி · ஜூன் 11

அருமை. 3 வருஷம் 7 மாசம் அப்படியே பொருந்துது பாருங்க. நவம்பர் 42ல இருந்து ஜூன் 46.

ரிட்டையர்டு_ரைட்டர் · ஜூன் 11

படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போயிட்டேன். எனக்கும் ஒரு தடவை வழிக்காவல்ல... சரி விடுங்க. கைதி வயிறு வலின்னு சொன்னா என்ன பண்ணுவீங்க? அவிழ்க்கலைன்னா மனுஷன் இல்லை, அவிழ்த்தா வேலை இல்லை. சீனியர் எப்பவுமே "நான் சொல்லலை"ன்னுதான் சொல்வார். அன்னைக்கும் இன்னைக்கும்.

உசிலைக்காரன் · ஜூன் 12

தப்பிச்சவர் என்ன ஆனார்?

வடக்குத்தெரு · ஜூன் 12

பதினாறு தாள்ல அவர் பேர் ஒரே ஒரு இடத்துல. மத்த எல்லா இடத்துலயும் "கைதி"தான். பிடிச்சாங்களா, ஜன்னல்ல இருந்து விழுந்து அடிபட்டாரா, ஒண்ணும் இல்லை. ஆணைக்கு அது தேவைப்படல. பேரைத் தனிமடல்ல அனுப்பறேன், இங்க போட மனசில்லை. அவருக்கும் பேரன் இருப்பான்.

உசிலைக்காரன் · ஜூன் 12

அனுப்புங்க. எங்க பக்கத்துப் பேரான்னு மட்டும் பார்த்துச் சொல்றேன்.

சும்மா_வந்தவன் · ஜூன் 13

இப்ப வீட்ல சொல்லுவீங்களா? தியாகி தாத்தா போய் சாவி தாத்தா வந்துட்டாரே. தப்பா எடுத்துக்காதீங்க, நிஜமாத்தான் கேட்கிறேன்.

வடக்குத்தெரு · ஜூன் 22

சொல்லிட்டேன். பெரிய அத்தைதான் இப்ப வீட்ல மூத்தவங்க, தாத்தாவோட மூத்த பொண்ணு, 1936ல பிறந்தவங்க. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம நகலை மடியில வெச்சிட்டு அரை மணி நேரம் காபி குடிச்சேன்.

அத்தை கண்ணாடி போட்டுக் கையெழுத்தை மட்டும் பார்த்தாங்க. அப்புறம், "ரயில் விஷயமா?"ன்னாங்க.

அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த மூணரை வருஷம் பாட்டியோட பொறந்த வீட்லதான் எல்லாரும் இருந்திருக்காங்க. தாத்தா நெல்லு மில்லுல மூட்டை எண்ணிக்கிட்டு இருந்தாராம். ராத்திரி ரயில் சத்தம் கேட்டா எழுந்து திண்ணையில போய் உட்கார்ந்துக்குவாராம். "வேலை திரும்பக் கிடைச்ச அன்னைக்கு எங்கம்மா எல்லாருக்கும் புதுத்துணி எடுத்தா, எனக்குப் பச்சைப் பாவாடை"ன்னாங்க.

அப்ப சுதந்திரப் போராட்டக் கதை யார் சொன்னதுன்னு கேட்டேன்.

"உங்கப்பன்தான். அஞ்சாம் வகுப்புல வாத்தியார் கேட்டாராம், உங்கப்பா ஏன் நடுவுல வேலையில இல்லைன்னு. இவன் அங்க நின்னபடியே கட்டினது. வீட்ல வந்து சொன்னப்ப எங்கப்பா ஒண்ணுமே சொல்லலை. அப்புறம் ஊரே சொல்ல ஆரம்பிச்சிடுச்சு."

அப்பா பின்னாளில் அதே பள்ளிக்கூடத்துல வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவர். என் பேச்சுப்போட்டிப் பேச்சை எழுதிக் குடுத்ததும் அவர்தான்.

நாஞ்சிலான் · ஜூன் 22

அடேயப்பா.

எழும்பூர்வாசி · ஜூன் 23

எனக்கு இன்னும் ஒண்ணு இடிக்குது. ஃபைல்ல 283. பக்கிள்ல 417. ஒரே ஆள்தானா?

ரிட்டையர்டு_ரைட்டர் · ஜூன் 23

இதுல என்ன இடிக்குது? டிஸ்மிஸ் ஆன அன்னைக்கே பக்கிளைப் பிடுங்கியிருப்பாங்க. 283 காலி. அடுத்து சேர்ந்த பையனுக்கு அந்த நம்பரைக் குடுத்திருப்பாங்க. நாலு வருஷம் கழிச்சு இவர் வந்து நின்னா, அப்ப காலியா இருந்த நம்பர் எதுவோ அது, 417. அப்ப போட்டோல இருக்கிற பக்கிள்ல என்ன நம்பர்னு பாருங்க. நல்ல ஸ்டுடியோல குடுத்துப் பெருசாக்குங்க.

வடக்குத்தெரு · ஜூலை 2

பெருசாக்கியாச்சு. 417.

அப்ப போட்டோ 1938 இல்லை. 1946க்கு அப்புறம் எடுத்தது, திரும்ப வேலைக்குப் போனதும். பின்னாடி "1938"னு எழுதியிருக்கிறதை இப்பத்தான் உத்துப் பார்த்தேன். எட்டைப் போடற விதம் தெரிஞ்ச விதம். என் மார்க் ஷீட்டுல கையெழுத்துக்குப் பக்கத்துல தேதி போட்ட அதே எட்டு.

ஃபிரேம் மாத்தக் குடுத்திருக்கேன். கடைக்காரர் பின் அட்டையைக் கிழிச்சிட்டுப் புதுசு வைக்கவான்னு கேட்கிறார். என்ன சொல்றது?

ரிட்டையர்டு_ரைட்டர் · ஜூலை 2

அட்டையை மாத்தச் சொல்லாதீங்க. அப்பா எழுதினதைத் தொட வேண்டாம். அதுக்குக் கீழ பென்சில்ல "பி.சி. 417, 1946க்குப் பிறகு"ன்னு எழுதி, நீங்க எழுதின தேதியைப் போட்டு, உங்க கையெழுத்தைப் போடுங்க.